கார்முகிலும் எருக்கிலையும்: அருளிச்செயலில் பருவமும் பாத்திர இயல்பும்

காவியத்திலும் கதையிலும் மழை, காற்று, வெயில், பனி முதலியவை எதன்பொருட்டு வருகின்றன என்னும் வினா பழமையானது. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்தார். மாந்தரின் ஒழுக்கமாகிய உரிப்பொருள் அவற்றை இடமாகக் கொண்டு நிகழும் என்பது அவர் கொள்கை. பிற்காலத்தார் பலர் இதனைத் தலைகீழாக்கிப் பருவ வருணனையைக் காவியத்தின் அணிகலன்களுள் ஒன்றாக எண்ணினர். இக்காலத் திறனாய்வாளர் அதனைப் ‘பின்னணி’ என்கின்றனர். இவ்விரண்டிலும் மழை வேறு, மழையில் நிற்கும் மாந்தர் வேறு.

அருளிச்செயல்களுக்கு வியாக்கியானம் அருளிய பூர்வாசார்யர்கள் இவ்வாறு பிரித்துக் கண்டாரல்லர். ஒரு பாசுரத்தில் மேகம் வந்தால், அந்த மேகத்தைப் பார்ப்பவள் யார், அவள் நேற்று எந்நிலையில் இருந்தாள், இம்மேகம் அவளை இன்று எந்நிலைக்குக் கொண்டு சேர்த்தது என்பனவே அவர்களுடைய அவதாரிகைகளின் கேள்விகள். பருவத்தைக் கொண்டு பாத்திரத்தின் இயல்பு வளர்க்கப்படும் முறையை ஆண்டாள், நம்மாழ்வார் ஆகிய இருவர் பாசுரங்களிலும் காண்பதே இங்குக் கருதப்படும் பொருள்.

பாத்திரம் என்னும் சொல்

முதலில் ஒரு ஐயம் நீக்கத்தக்கது. ஆழ்வார்களைக் ‘கற்பனைப் பாத்திரம்’ என்னும் சொல்லால் சுட்டுதல் ஸம்ப்ரதாயத்துக்கு ஒவ்வாதே எனின், ஒவ்வாது என்பது உண்மையே. ஆயினும் பராங்குச நாயகி என்பவள் மாறன் சடகோபனின் ஒரு நிலை. ஞானத்தில் தாமாய்ப் பேசுகின்ற ஆழ்வார் ப்ரேமத்தில் பெண்ணாய்ப் பேசுகிறார் என்று ஆசார்ய ஹ்ருதயம் காட்டும் நிலை அது. அந்நிலைக்கு ஒரு தாய், ஒரு தோழி, ஒரு கடற்கரை, ஒரு வாடைக்காற்று எல்லாம் உண்டு. இவர்கள் பேச்சாலும் சூழலாலும் படைத்துக்காட்டப்படுபவர்கள். ஆண்டாளோ இயல்பாகவே பெண். எனினும் திருப்பாவையில் வில்லிபுத்தூர்ப் பெண்ணாகிய அவள் ஆய்ப்பாடிப் பெண்ணின் நிலையை ஏறிட்டுக்கொண்டு பேசுகிறாள். இதனை அநுகாரம் என்பர். ஆகவே பாத்திர இயல்பு பற்றிய ஆராய்ச்சி இங்குப் புறம்பானதன்று. வியாக்கியாதாக்கள் செய்த தொழிலே அது.

இரண்டு முன்மாதிரிகள்

பருவத்தால் மாந்தரைக் காட்டும் கலைக்கு ஆசார்யர்கள் எப்போதும் நினைவில் கொண்டிருந்த நூல் ஸ்ரீராமாயணம். ஆரண்ய காண்டத்தின் 16ஆம் ஸர்க்கம் ஹேமந்த ருது வருணனை. அதனைப் பேசுபவன் இராமன் அல்லன், இளைய பெருமாள். பனி மூடிய கதிர்வயல்களையும் ஒளி மழுங்கிய நிலவையும் சொல்லிவருகிறவனுக்கு இடையிலே பரதன் நினைவு வருகிறது. இந்தக் குளிரில், விடியுமுன், ஸரயுவின் நீரில் அவன் எப்படி முழுகுகின்றானோ என்கிறான். முன்பு பரதனை ஐயுற்றுச் சினந்தவன் இவனே. குளிர் அச்சினத்தைக் கரைத்துவிட்டது. ஆனால் கைகேயியின் மேலிருந்த சினம் கரையவில்லை. உடனே அவளைப் பழிக்கிறான். இராமன் அதனைத் தடுத்து, பரதன் கதையையே சொல் என்கிறான். ஒரே பனிக்காலை மூவருடைய இயல்பையும் வெளிப்படுத்திவிட்டது. பேசியவனின் அன்பும் ஆற்றாமையும், கேட்டவனின் பெருமையும், அங்கில்லாத பரதனின் தவமும் அதில் உள்ளன.

கிஷ்கிந்தா காண்டத்து மழைக்காலம் இன்னொரு மாதிரி. மலையில் இராமன், நகரத்தில் ஸுக்ரீவன், இருவர்க்கும் மழை ஒன்றே. ஒருவனுக்கு அது பிரிவின் நெடுமை. மற்றவனுக்கு இன்பத்தின் நெடுமை. மழை நின்றது தெரியாமல் ஸுக்ரீவன் இருந்தான் என்பதே அவன் மேல் வந்த குற்றம். திருப்பாவை 23ஆம் பாசுரத்தில் மழைக்காலத்து மலைமுழையில் உறங்கும் சிங்கம் உவமையாக வரும் இடத்தில் வியாக்கியாதாக்கள் இந்த மழைக்காலத்தை நினைக்கிறார்கள். பிரிந்தார் கூடியிருக்கும் காலத்தில் நீ உறங்குவது தகுமோ என்பது அப்பெண்களின் உட்கருத்தாகிறது.

வறண்ட நாட்டின் கண்

ஆண்டாளின் மழையைப் படிப்பதற்கு அவள் ஊரைச் சூழ்ந்த நாட்டின் இயல்பு தெரிந்திருத்தல் நன்று. ஸ்ரீவில்லிபுத்தூர் மேற்குமலையின் அடிவாரத்தது. மலையின் மறுபக்கத்தில் தென்மேற்குப் பருவக்காற்று பொழிந்து தீர, இப்பக்கம் வறண்ட காற்றே இறங்குகிறது. அங்கிருந்து கிழக்கே திருத்தங்கல், அருப்புக்கோட்டை, திருச்சுழி என்று செல்லச் செல்ல நிலம் கரிசலும் செவ்வலுமாய்க் காய்கிறது. ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை; அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கிழக்குக் கடலிலிருந்து வருவது. குண்டாறு ஆண்டின் பெரும்பகுதியும் மணலாகவே கிடக்கும். கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிட்டால் மானாவாரியில் கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி. திருச்சுழியின் பெயர்க்குச் சொல்லப்படும் தலபுராணமோ, பெருவெள்ளம் சுழித்து உள்வாங்கப்பட்ட கதை. நீரற்ற நாட்டின் ஊர் நீர்ச்சுழியால் பெயர் பெற்றது சிந்திக்கத்தக்கது.

இந்நாட்டார்க்கு மழை காட்சியன்று, வரவு. வானம் பார்த்த பூமி என்னும் வழக்குச் சொல்லே நிலத்துக்கு ஒரு கண்ணைக் கொடுத்துவிடுகிறது. மழை பொய்த்தால் கொடும்பாவி கட்டி இழுப்பதும் விராட பர்வம் படிப்பதும் இத்தகைய சீமைகளின் வழக்கம். வைணவத் திருக்கோயில்களில் மழை வேண்டித் திருப்பாவை 4ஆம் பாசுரத்தை ஓதுவதும் உண்டு. இக்காலத்துக் கரிசல் நாவலாசிரியர்களும் இந்நிலத்தின் தட்பவெப்பத்தை மாந்தரின் குணமாக ஆக்கிக் காட்டியுள்ளனர். பூமணியின் 1982ஆம் ஆண்டு நாவலுக்கு ‘வெக்கை’ என்பதே பெயர். ஆனால் இந்நிலத்தின் அண்டையில், பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஒரு பெண் மழையைக் கொண்டு தன் நெஞ்சின் ஓராண்டு வரலாற்றை எழுதிவைத்துவிட்டாள்.

ஏவுகின்றவள்

திருப்பாவையில் நோன்புக்கு இரண்டு காரணங்கள் உள. ஊரார்க்கு மழை வேண்டும். பெண்களுக்குக் கண்ணன் வேண்டும். மழையில்லாக் குறையைத் தீர்க்க நோன்பு நோற்கும்படி இடையர்கள் பெண்களை இசைவித்தனர் என்றும், பெண்கள் அதனைக் கண்ணனோடு கூடுதற்கு வாய்ப்பாகக் கொண்டனர் என்றும் வியாக்கியானங்கள் காட்டும். 3ஆம் பாசுரத்தில் மாதம் மூன்று மழையும் அதன் பயனான நாட்டு வளமும் சொல்லப்படுகின்றன. 4ஆம் பாசுரத்தில் மழைக்கு அதிதேவதையே நேரில் அழைக்கப்படுகின்றது.

இங்கு ஒரு ஸித்தாந்தச் சிக்கல் எழும். எம்பெருமானையன்றி மற்றொரு தெய்வத்தைத் தொழாத ஒழுக்கமுடையவர்கள் மழைத் தெய்வத்தை அழைப்பது எங்ஙனே? பெரியோர் காட்டும் சமாதானம் பாசுரத்தின் தொனியிலேயே உள்ளது. இது வேண்டுதல் அன்று, ஏவுதல். பகவத் ஸம்பந்தமுடையார்க்குப் பணிசெய்யத் தேவதைகள் தாமே வந்து நிற்பர். வந்து நின்றவனுக்கு இப்பெண்கள் தொழிலைப் பகுத்துக் கொடுக்கிறார்கள். ஒன்றையும் ஒளிக்காதே என்று முதலிலேயே கட்டளை. கடலின் உள்ளே புகவேண்டும், முகக்கவேண்டும், முழங்கி ஏறவேண்டும், ஊழிமுதல்வனைப்போல் உடல் கறுக்கவேண்டும், அவன் கையிலுள்ள ஆழிபோல் மின்னவேண்டும், சங்குபோல் அதிரவேண்டும், பின்பு வில்லினின்று புறப்படும் அம்புகள்போல் பொழியவேண்டும் என்று படிப்படியாகச் சொல்கிறார்கள். கடல்மழையையே நம்பி வாழும் நாட்டில் ஐப்பசி மாதத்துக் கிழக்கு வானத்தை நோக்கியிருந்தவர்க்கு இவ்வரிசையில் ஓர் அடியும் மாறாதது விளங்கும்.

இவ்வரிசை இயற்கை நூல் மட்டுமன்று. மேகத்தின் ஒவ்வொரு நிலையும் எம்பெருமானுடைய வடிவாகவோ ஆயுதமாகவோ ஆக்கப்படுகின்றது. மழையை ஏவும்போதும் பெண்களின் கண் மழையில் இல்லை. ஊருக்காகச் சொல்லும் சொல்லிலேயே தம் நெஞ்சிலுள்ளதைச் சொல்லிக்கொள்கிறார்கள். அம்பு என்றால் அழிவு தோன்றும். ஆதலால் உலகம் வாழ்வதற்காக என்று உடனே திருத்துகிறார்கள். உலகத்தின் வாழ்வை முன்னும் தம் நீராட்டத்தைப் பின்னும் வைக்கிறார்கள். இதில் உருவாகும் பாத்திரம் யாது? குழுவின் நடுவே நிற்பவள், அஞ்சாதவள், தான் பெறப்போவதில் ஐயமில்லாதவள், ஊரின் நன்மையையும் தன் காதலையும் ஒரே மூச்சில் பேச வல்லவள்.

ஓராண்டின் நடை

நாச்சியார் திருமொழி தொடங்குவது தை மாதத்தில். மார்கழி நோன்பு முடிந்தது, கண்ணன் வந்திலன். தையும் மாசியும் காமனைத் தொழுவதில் கழிகின்றன. அடுத்த திருமொழியில் பங்குனி வந்துவிடுகிறது. பின்பு குயிலை வேண்டுதல், கனவு, சங்கை வினவுதல் என்று சென்று, 8ஆம் திருமொழியில் வானத்தில் மேகம் எழுகிறது. மாதங்கள் அவள் நெஞ்சின் படிகளாகின்றன. பிரிவு இவ்வளவு நாள் நீண்டது என்று அவள் கணக்குச் சொல்லவேண்டியதில்லை; காலமே சொல்லிவிடுகிறது.

8ஆம் திருமொழி முழுவதும் வேங்கடத்து மேகங்களை நோக்கியது. திருப்பாவையில் ஏவப்பட்ட அதே மேகம். பேசுகிறவளும் அவளே. ஆனால் இப்போது தோழியர் கூட்டம் இல்லை. அவள் தனியே நிற்கிறாள். முதற்பாசுரத்தில் அவள் கேட்பது மழையை அன்று; உங்களோடு அவனும் வந்தானோ என்று வினவுகிறாள். வந்தவை மேகங்கள் மட்டும் என்று கண்டவுடன், மழைக்கு முன்னே அவள் கண்ணீர் விழுகிறது. அடுத்த பாசுரத்தில் உள்ளே நெருப்பும் நள்ளிரவில் வெளியே தென்றலும். பிறர்க்கு இதமான காற்றுக்கு அவள் இலக்காகிறாள். மழைத் தெய்வத்துக்குத் தொழில் கற்பித்தவள் இப்போது மேகத்தைத் தூதாக இரக்கிறாள். 9ஆம் பாசுரத்தில், ஒரு பெண்ணைக் கொன்றான் என்னும் பழி அவனுக்கு வந்தால் உலகத்தார் மதிப்பரோ என்று அவன் பெயரைக் காப்பதற்கே வாதாடுகிறாள். ஏவலிலிருந்து இரத்தலுக்கு வந்த இவ்விறக்கத்தை அவள் வாயால் கூறவில்லை. ஒரே மேகத்தை இரண்டு இடத்தில் வைத்ததனாலேயே அது புலப்படுகிறது.

இத்திருமொழியின் 8ஆம் பாசுரம் தனியே நிறுத்திப் பார்க்கத்தக்கது. கார்காலத்து மேகங்களை விளித்து, அவன் திருநாமத்தைச் சொல்லிச் சொல்லி, நீர்க்காலத்து எருக்கின் பழுத்த இலையைப்போல் வீழ்கின்றேன் என்கிறாள். கவிகள் பெண்ணுக்குக் கூறும் உவமைகளில் எருக்கு இல்லை. தாமரை, முல்லை, கொடி, தளிர் என்பவையே வழக்கு. ஆடும் மாடும் வாய்வையாத, தரிசிலும் கண்மாய்க் கரையிலும் தானே முளைக்கும் எருக்கை நாச்சியார் ஏன் எடுத்தாள்?

விடை வறண்ட நாட்டில் கண்கூடு. சித்திரை வைகாசி வெயிலில் புல் கருகும், ஆவாரை வாடும், கண்மாயின் தரை வெடிக்கும். எருக்கு மட்டும் வெளிறிய பசுமையோடு, தடித்த இலைகளோடு, பால் வற்றாமல் நிற்கும். வெயில் அதனை ஒன்றும் செய்வதில்லை. மழை வந்து, எல்லாச் செடியும் தளிர்க்கும்போது, எருக்கின் பழைய இலை மஞ்சளித்து, நீரில் ஊறி, காம்பு இற்று விழும். மற்றவை வாழும் காலம் அதற்கு வீழும் காலம். நாச்சியாரின் நிலை இதுவே. பிரிவின் கோடையை அவள் தாங்கினாள். தையிலும் பங்குனியிலும் அவள் வீழவில்லை. அவன் வரவேண்டிய பருவம் வந்து, அவன் வடிவத்தையே தாங்கிய மேகம் வந்து, அவன் மட்டும் வராதபோது வீழ்கிறாள். வறுமையால் வாடுபவள் அல்லள் அவள்; வளம் வந்தும் தனக்கு எட்டாமையால் உதிர்பவள். இவ்வளவும் ‘நான் மிகத் துன்புற்றேன்’ என்னும் சொல்லால் வாராது. இவ்வுவமையில் நாணமும் உண்டு: தன்னைப் பூவாகச் சொல்லிக்கொள்ளும் மனநிலை அவளுக்கு இப்போது இல்லை.

மழைக்காலத்தில் எருக்கு இலையுதிர்ப்பது வடநாட்டுக் கவிகளும் கண்டதே. துளஸீதாஸர் தம் ராமசரிதமானஸத்துக் கிஷ்கிந்தா காண்டத்தில், மழையில் எருக்கு இலையற்று நிற்பதை, நல்லாட்சியில் தீயோர் முயற்சி கெடுவதற்கு உவமையாக்குகிறார். அங்கு எருக்கு தீயோன், மழை நீதி. கண்ட பொருள் ஒன்று; அதனைக் காணும் நெஞ்சு வேறு. அங்கே மழை நன்மை தீமைகளைத் தீர்ப்பு வழங்குகிறது. இங்கே மழையின் முன் தீர்ப்புக்குரியவளாக நிற்பவள் ஒரு குற்றமும் செய்யாத பெண். உவமையின் அழகு பொருளில் இல்லை, அதனை யார் எடுக்கின்றார் என்பதில் உள்ளது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

மழைக்குப் பின்

9ஆம் திருமொழி, திருமாலிருஞ்சோலையில் செந்தூரப் பொடிபோல் பரந்த இந்திரகோபப் பூச்சிகளோடு தொடங்குகிறது. முதல் மழைக்குப் பின் நனைந்த மண்ணிலிருந்து வெளிவருபவை அவை. இந்நாட்டார் பட்டுப்பூச்சி என்றும் தம்பலப்பூச்சி என்றும் சொல்வர். ஆகவே 8ஆம் திருமொழியின் மேகம் பொழிந்துவிட்டது. 9இல் அதன் அடையாளம் தரையில் தெரிகிறது. 10இல் கார்காலத்து மலர்கள் பூத்துவிட்டன. மூன்று திருமொழிகளும் ஒரே மழைக்காலத்தின் தொடர்ச்சி எனக் கொள்ள இது இடந்தருகிறது. தூது சென்ற மேகம் மறுமொழி கொண்டுவரவில்லை. அதன் நீர் மட்டும் வந்தது. பிறர் கண்ணுக்கு அழகான அச்சிவப்பு அவளுக்கு அவன் விரித்த வலையாகத் தோன்றுகிறது.

10ஆம் திருமொழியின் 8ஆம் பாசுரத்தில் மழையை மறுபடியும் விளிக்கிறாள். இப்போது ஏவலும் இல்லை, தூதும் இல்லை. மேலே மண்பூசி உள்ளே மெழுகு நின்று உருகி ஊற்றுவதுபோல என்று ஒரு சிற்பியின் தொழிலை உவமையாக்குகிறாள். வார்ப்புத் தொழிலில் மெழுகால் உருவம் செய்து, மண்பூசி, சூடேற்றி, மெழுகை உருக்கி வெளியேற்றுவர். மெழுகு இருந்த வெற்றிடத்தில் பின்பு உலோகத்தை வார்ப்பர். வெளியே அணைப்பும் உள்ளே உருகுதலும் ஆகிய இரண்டும் ஒருங்கே நிகழும் நிலையை இது காட்டும். மெழுகு அழிவது வீணன்று, திருவுருவம் தோன்றுதற்கே என்று மேலும் ஒரு பொருள் கொள்ளவும் இடமுண்டு. 4ஆம் பாசுரத்தில் மழை வெளியே உலகுக்குப் பெய்தது. இங்கே அது அவள் உள்ளே பெய்கிறது. ஏவியவள், இரந்தவள், உருகுகின்றவள் என்று மூன்று நிலைகளையும் மழை ஒன்றே அளந்து காட்டுகின்றது.

பராங்குச நாயகியும் அவள் தாயும்

இங்கிலாந்தின் திறனாய்வாளர் ஜான் ரஸ்கின் 1856இல், உணர்ச்சிவயப்பட்ட கவிகள் தம் துயரத்தைப் புறப்பொருள்களின் மேல் ஏற்றிக் காண்பதை ஒரு வகைப் பொய்மை என்று பெயரிட்டார். இக்குற்றம் திருவாய்மொழி இரண்டாம் பத்தின் முதல் திருவாய்மொழிக்கு வாராதோ? அங்கே நாரை, அன்றில், கடல், வாடை, மேகம், மதி, இருள், கழி, விளக்கு அனைத்தும் தன்னைப்போலவே எம்பெருமானைப் பிரிந்து வருந்துவதாகத் தலைவி பேசுகிறாள். நீரில் நின்று வெளுத்த நாரைக்குப் பசலை பூத்ததென்கிறாள். ஓயாது வீசும் வாடைக்கு உறக்கமற்ற நோய் என்கிறாள்.

ஈட்டின் நோக்கு இங்கே தெளிவானது. பாசுரம் நாரையின் தன்மையைச் சொல்லவில்லை. தன் துயரமன்றி வேறொன்றை அறியமாட்டாதவளின் தன்மையைச் சொல்கிறது. பொய்மை இருப்பின் அது கவியின் பொய்மை அன்று, பாத்திரத்தின் மெய்ம்மை. இன்னொன்றும் உண்டு. துயருற்றோர் பெரும்பாலும் உலகம் இன்பமாயிருக்கத் தாம் மட்டும் துன்புறுவதாகப் புலம்புவர். இவளோ எதிரே வந்ததற்கெல்லாம் இரங்குகிறாள். தன் நோய் அவளைச் சுருக்கவில்லை, விரித்தது. வரிசையும் கவனிக்கத்தக்கது. கடற்கரையில் தொடங்கி, காற்று, மேகம், ஒளி குன்றிய மதி, பின் இருள், இறுதியில் விளக்கு என்று ஓர் இரவே நகர்கிறது; அதன்பின் 10ஆம் பாசுரத்தில்தான் எம்பெருமானை நேரே நோக்குகிறாள். இயற்கையோடு பேசித் தீர்ந்தபின் அவனோடு பேச்சு.

நான்காம் பத்தின் நான்காம் திருவாய்மொழியில் பேசுபவள் தாய். மகள் மண்ணைத் துழாவி வாமனன் அளந்தது என்கிறாள். குளிர்காற்றைத் தழுவிக் கோவிந்தன் என்கிறாள். நல்ல மழையைக் கண்டால் நாரணன் வந்தான் என்று ஆடுகிறாள். நெருப்பைத் தழுவியும் உடல் வேகாதிருக்கிறாள். தாய்க்கு இது பித்து. ஆனால் ஐம்பூதங்களும் எம்பெருமானுக்குச் சரீரம் என்பது அந்தர்யாமி ப்ராஹ்மணத்தின் பொருள். இதனையே ஆழ்வார் தம் முதல் திருவாய்மொழியில் ஞானநிலையில் தாமாய் நின்று அருளிச்செய்தார். அங்கே ஸித்தாந்தமாக இருந்தது இங்கே ஒரு பெண்ணின் கை கால்களில் இறங்கிவிட்டது. மகள் சொல்வதில் பிழையில்லை. தாய் அஞ்சுவதிலும் பிழையில்லை. ஒரே மழை ஒருத்திக்கு வரவாகவும் மற்றொருத்திக்கு நோயின் அறிகுறியாகவும் நின்று, இருவர் உள்ளத்தையும் ஒருங்கே காட்டுகின்றது. ரஸ்கினின் குற்றச்சாட்டுக்கு வைணவ தர்சனம் தரும் மறுமொழியும் இதுவே. உயிரற்ற புறவுலகம் என ஒன்று தனித்து நின்றால்தான் அதன்மேல் உணர்ச்சியை ஏற்றுதல் பொய்யாகும். அவனுடைய சரீரமான உலகில், மழையைக் கண்டு அவன் வந்தான் என்றவள் மிகையாகச் சொல்லியிருக்கலாம், பொய் சொல்லவில்லை.

தோழியின் சொல், தலைவனின் சொல்

திருவிருத்தத்தில் காலமயக்குத் துறைப் பாசுரங்கள் சில உள. தலைவன் குறித்த பருவம் வந்தது; அவன் வரவில்லை. தோழி, இது அப்பருவம் அன்று என்று சாதிக்கிறாள். 68ஆம் பாசுரத்தில் கொன்றை மாலையாகத் தொங்குவது கண்ணெதிரே தெரிகிறது. முழுதும் மலர்ந்துவிடவில்லை, வரவை எதிர்பார்த்து அரும்பியதே என்று நுணுக்கமாகச் சொல்கிறாள். முழுப்பொய் சொன்னால் தலைவி நம்பாள். ஆதலால் மெய்யின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறாள். தோழியின் அறிவும் அன்பும் ஒரு கொன்றைக் கொத்தின் மலர்ச்சியளவில் நின்று வெளிப்படுகின்றன.

26ஆம் பாசுரம் வறண்ட நாட்டார் மறவாது படிக்கத்தக்கது. வேனிற்கதிரவன் நிலத்தை வாயிலிட்டு மென்று, சாறு முழுதும் உறிஞ்சிச் சக்கையாக உமிழ்ந்ததே பாலை என்று தலைவன் கூறுகிறான். சித்திரையில் திருச்சுழிக்கும் கமுதிக்கும் இடையே நடந்தவர்க்கு இவ்வருணனையில் மிகையேதும் தோன்றாது. ஆனால் தலைவன் இதனைச் சொல்வது பாலையைக் கடந்தபின். இக்கொடுமையை நீ நடந்து தீர்த்துவிட்டாய், இனி வெஃகாவின் சோலை அருகே உள்ளது, எந்தப் பாலைக்கும் அது காப்பு என்று தேற்றுதற்காகச் சொல்கிறான். வெயிலின் கொடுமையை மிகுத்தது, நடந்தவளின் பெருமையை மிகுத்தற்கே.

31ஆம் பாசுரத்தில் மேகங்கள் தூது மறுக்கின்றன, வேங்கடத்துக்கு விரைகின்றன. அடுத்த பாசுரத்தில் தலைவி அவற்றை வையாமல், திருமாலின் வடிவம் உங்களுக்கு எத்தவத்தால் வாய்த்தது என்று வினவி, உயிர்களைக் காக்க நீர் சுமந்து உடல் நோவத் திரிந்ததே அத்தவம் என்று தானே விடைகாண்கிறாள். மறுத்தவர்களிடத்தும் நன்மையைக் காணும் நெஞ்சு அவளுடையது.

ஸ்வாபதேசத்தின் இடம்

மேகம் ஆசார்யனைக் குறிக்கும் என்னும் ஸ்வாபதேசம் ப்ரஸித்தம். கடலின் உப்புநீரை முகந்து நன்னீராக்கி, மேடு பள்ளம் பாராமல், கைம்மாறு கருதாமல் பொழிவது ஆசார்யனுக்கு ஒக்கும். இதனை மறுப்பார் இல்லை. ஆனால் இந்நாளில் உபந்யாஸங்களிலும் எளிய உரைகளிலும் ஒரு வழக்கம் பெருகிவருகிறது. பாசுரம் சொல்லி முடிந்தவுடன் ‘மேகம் என்றால் ஆசார்யன், மழை என்றால் உபதேசம், எருக்கிலை என்றால் ஸம்ஸாரி’ என்று பட்டியல் கொடுத்து, பெண்ணை விட்டுவிடுகின்றனர். கேட்பவர்க்கு அட்டவணை மிஞ்சுகிறது, அழுதவள் மறைந்துபோகிறாள்.

பூர்வாசார்யர்கள் அவ்வாறு செய்யவில்லை. பெரியவாச்சான்பிள்ளையும் நம்பிள்ளையும் முதலில் அந்யாபதேசத்தில் தோய்ந்து நிற்கிறார்கள். அவள் ஏன் இச்சொல்லைச் சொன்னாள், இக்காற்று அவளுக்கு ஏன் சுட்டது, தோழி ஏன் பொய் சொன்னாள் என்று பெண்ணின் உள்ளத்தை ஆராய்ந்தபின்பே உட்பொருளுக்குச் செல்கிறார்கள். மழை மெய்யாகப் பெய்தால்தான் உபதேசமும் மெய்யாகப் பெய்யும். எருக்கிலையைக் கரையில் கண்டவனுக்கே அவள் வீழ்ச்சி விளங்கும். அவள் வீழ்ச்சி விளங்கியவனுக்கே, பேற்றைக் கண்ணெதிரே கண்டும் எட்டாதிருக்கும் ஜீவனின் தவிப்பு விளங்கும். படியைத் தாண்டினால் மாடத்தை அடைய இயலாது.

இதனால் திறனாய்வாளர்க்கும் ஒன்று கிட்டுகிறது. பாத்திரத்தின் துயரத்தை உணர்த்த மழையை அழவைத்தல் எளிது. அவ்வாறு எழுதியவை பருவம் மாறியதும் மறக்கப்படும். ஒரே மழையை வெவ்வேறு நிலைகளில் ஒருவர்முன் நிறுத்தி, அவர் அதனிடம் பேசும் முறை மாறுவதைக் காட்டுவதே அரிது. மார்கழியில் ஏவினாள், காரில் இரந்தாள், பின்பு உருகினாள். மேகம் மாறவில்லை. மாறாத அதன் முன்னே அவள் மாறியதே நாச்சியார் திருமொழி.

ஐப்பசியில் கிழக்கே கறுத்து வரும் முகிலைப் பார்த்து, கண்மாய் நிறையுமோ என்று எண்ணுதல் அருப்புக்கோட்டைச் சீமையார்க்கு இயல்பு. அது குறையன்று, நாச்சியாரும் உலகம் வாழ்வதையே முன்வைத்தாள். அம்முகிலின் கருமையில் அவள் யாரைக் கண்டாள் என்பதையும் அப்போது நினைப்பார்க்கு, மழையோடு அவள் பாசுரமும் வாய்க்கும்.